இல்லமும் தோட்டமும்: ஐப்பசி வெயிலில் பூந்தொட்டிகள்



நவராத்திரிக் கொலுவை இறக்கிப் பொம்மைகளைப் பெட்டியில் அடுக்கி விட்டோம். வாயிலில் கட்டிய செண்டுமல்லித் தோரணம் காய்ந்து சருகாகி விட்டது. குடைகளும் பரண்மேல் ஏறிவிட்டன. நான்கு திங்கள் மழையில் நனைந்த தொட்டிச் செடிகள் இனித் தாமே தழைத்துப் பூக்கும் என்றுதான் நம்மில் பலரும் எண்ணிக் கொண்டிருக்கிறோம். ஆண்டுதோறும் நடப்பதென்ன? ஆவணியில் பச்சைப் பசேலென்று நின்ற செடி தீபாவளிக்குள் இலை மஞ்சளித்து, மொட்டு உதிர்த்து, வெறுங்குச்சியாய் நிற்கின்றது. "பம்பாய்க் காற்று பூச்செடிக்கு ஆகாது" என்று தீர்ப்புக் கூறித் தொட்டியைக் கவிழ்த்து விடுகிறோம். காற்றைக் குறை கூறுவதற்கு முன் நம் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியைச் சற்று நோக்க வேண்டும் என்பதே இத்திங்கள் நாம் சொல்ல வந்தது. சென்ற ஆண்டு இதே வாரத்தில் நம் இல்லத்தில் ஒரு தொட்டிகூட எஞ்சாது போகும் நிலை வந்தது; அதனையும் பின்னர்ச் சொல்வோம்.

ஊரில் ஐப்பசி என்றால் அடைமழை. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் 20 வாக்கில் இறங்கும். அதன்பின் கார்த்திகை முடியும்வரை முற்றத்துச் செடிக்கு எவரும் குடம் தூக்குவதில்லை. அந்த வழக்கம் நம் தாய்மாரின் கையிலேயே ஊறியிருக்கின்றது. மும்பையிலோ கதை தலைகீழ். ஜூனில் வரும் தென்மேற்குப் பருவமழை நான்கே திங்களில் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டிவிட்டு விடைபெறுகின்றது. அது மும்பையை விட்டு விலகும் நாள் செப்டம்பர் 29 என்று வானிலைத் துறையார் முன்னர்க் கணக்கு வைத்திருந்தனர். 2020ஆம் ஆண்டில் அதனை அக்டோபர் 8 என்று திருத்தினர். மழை நின்ற மறுவாரமே வெயில் சுள்ளென்று உறைக்கும். 35 டிகிரியைத் தொடும் நாட்கள் அரியன அல்ல. மராத்தி அயலார் இதற்கு 'அக்டோபர் ஹீட்' என்றே பெயரிட்டு, மே மாதத்தைப் போல் முகம் சுளிக்கின்றனர். ஆக, ஊர்க் கணக்கில் செடிக்கு நீரே வேண்டாத மாதம், இங்கே அதற்குப் பெரிதும் காவல் வேண்டிய மாதமாகி விடுகின்றது.

நம் முன்னோர் ஐப்பசி, கார்த்திகையைக் கூதிர் என்றனர். பிள்ளைகளின் பாடநூலோ இதே நாட்களை இலையுதிர் காலம் என்கின்றது. நம் மகள் சாளரத்தருகே நின்று, "எந்த மரத்திலும் இலை உதிரவில்லையே, அப்பா?" என்று கேட்டாள். இவ்வூரில் இலை உதிர்வது மாசி, பங்குனியில். கூதிரும் இல்லை, இலையுதிர்வும் இல்லை. இரண்டாம் கோடை என்று கொள்வதே செடிக்கு நல்லது.

இனி, செடிக்கு நேர்வது என்னவென்று பார்ப்போம். நான்கு திங்கள் ஓயாத ஈரத்தில் மண் இறுகி, காற்றோட்டமின்றி, வேரின் ஒரு பகுதி அழுகியிருக்கும். இலையோ மழைநாளின் மங்கிய ஒளியில் மெல்லியதாய், அகலமாய் வளர்ந்திருக்கும். திடீரென வெயில் அடிக்கும்போது இலை நீர் கேட்கின்றது; அதனைக் கொண்டுவந்து கொடுக்க வேர் இல்லை. உச்சிவேளையில் செடி தலை தொங்குவதைக் கண்டு நாம் மேலும் ஒரு செம்பு ஊற்றுகிறோம். அந்த நீர் எஞ்சிய வேரையும் அழுகச் செய்கின்றது. தாகத்தால் வாடும் செடியும், மூழ்கி வாடும் செடியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். வேற்றுமையை விரல்தான் சொல்லும். இரண்டு கணு ஆழம் விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தும் இலை தொங்கினால் நீர் ஊற்றாதீர், நிழலுக்கு மாற்றுங்கள். தூள் தூளாய் உலர்ந்திருந்தால் மட்டும் காலையில் நிறைய ஊற்றுங்கள்.

முதல் வேலை, தொட்டியின் அடித்துளையைக் கம்பியால் குத்திப் பார்ப்பது. மழைச்சேறு அதனை அடைத்திருக்கும். ஐயமிருப்பின் செடியை மண்ணோடு மெல்லக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். வெளுத்து உறுதியாயிருப்பது உயிர்வேர். பழுப்பேறி, நசுங்கி, நாற்றமடிப்பது செத்தது, அதனை நறுக்கி விடுங்கள். பிறகு மேல்மண்ணை இரண்டங்குலம் சுரண்டியெடுத்து, பாசி படர்ந்த அடையை எறிந்துவிட்டு, மக்கிய எருவும் செம்மண்ணும் கலந்து இடுங்கள். மழை உரத்தையெல்லாம் கழுவிக் கொண்டுபோயிருக்கும் ஆதலால், ஒரு வாரம் சென்றபின், கடலைப் பிண்ணாக்கை இரண்டு நாள் ஊறவைத்துப் பத்துப் பங்கு நீர் சேர்த்துப் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை ஊற்றலாம். நாற்றத்திற்கு அண்டை வீட்டாரிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டு வைப்பது நன்று.

தொட்டி எதனால் ஆனது என்பதும் கவனிக்கத்தக்கது. தாராவி அன்பர்களுக்கு நல்ல மண்தொட்டி தேடி அலைய வேண்டுவதில்லை. 90 அடிச் சாலையை ஒட்டிய கும்பார்வாடாவில், சௌராஷ்டிரத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் வந்த குயவர் குடும்பங்கள் இந்நாட்களில் தீபாவளி அகல்களைக் குவியல் குவியலாய் வெயிலில் பரப்பியிருக்கும் காட்சியே ஓர் அழகு. அகல் வாங்கப் போகும்போது ஒரு தொட்டியும் வாங்கி வரலாம். மண்தொட்டியின் சுவர் மூச்சுவிடும். மழையில் வேர் அழுகாமல் காப்பது அதுவே. ஆனால் இவ்வெயிலில் அதே சுவர் வழியே நீர் ஆவியாகிப் போவதால் காலை, மாலை இருவேளையும் தேவைப்படலாம். பெயின்ட் டப்பாவிலும் பிளாஸ்டிக் வாளியிலும் வைத்திருப்போர்க்கு ஒருவேளையே மிகுதி. அடுத்த வீட்டு அம்மாள் எத்தனை முறை ஊற்றுகிறார் என்று பார்த்து ஊற்றுவது இதனால்தான் பயன்படுவதில்லை.

அடுத்தது, கதிரவன் இடம் மாறும் செய்தி. ஜூனில் உச்சிவேளைக் கதிரவன் மும்பைக்குச் சற்று வடக்கே நிற்கின்றான். அக்டோபரில் தெற்கே நன்றாய்ச் சாய்ந்து விடுகின்றான். ஆதலால் தெற்கு நோக்கிய தாழ்வாரத்தில், மழைக்காலத்தில் நிழலாயிருந்த மூலைக்கு இப்போது முழு வெயில் வரும். வடக்குச் சாளரத்தில் வைத்த செடியோ பங்குனிவரை நேர் வெயில் காணாது. வைத்த இடத்திலேயே ஆண்டு முழுதும் வைத்திருப்பது நம் சோம்பல். இடம் மாற்றும்போது ஒரே நாளில் வெயிலில் தள்ளாமல், முதல் வாரம் காலை வெயில் மட்டும் படும்படி வைத்துப் பழக்க வேண்டும். சாளரக் கம்பிக்கூட்டில் தொட்டி வைப்போர் அதனைக் கம்பியோடு கட்டி வைக்கவும்; கீழே நடப்பவரும் நம்மைப் போன்றவரே.

எந்தப் பூ என்று கேட்பீர்கள். இக்காலத்திற்கென்றே பிறந்தவை சில உண்டு. கனகாம்பரம் வாங்க மராத்தி நர்சரிக்காரரிடம் 'அபோலி' என்று கேளுங்கள். அரை நிழலிலும் பூக்கும் ஆதலால் ஒடுங்கிய சந்துகளில் குடியிருப்போர்க்கு ஏற்றது. நம் பெண்டிர் தலையில் சூட ஏங்கும் டிசம்பர் பூ இவ்வூரில் 'கோராண்டி'. கடைத்தெருவில் சரமாய்க் கிடைப்பது அரிது ஆதலின், ஒரு தொட்டி வைத்தவர் வீட்டில் மார்கழி முழுதும் விருந்தினர் கூட்டம்தான். செம்பருத்தி 'ஜாஸ்வந்த்'. வெயில் ஏறியதும் இதன் நுனியில் வெள்ளைப் பஞ்சுபோல் மாவுப்பூச்சி அடையும். எறும்பு ஏறுவதைக் கண்டாலே ஐயுறுங்கள். ஈரத்துணியால் துடைத்துவிட்டு, ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள். காகிதப்பூ வைத்திருப்போர் நீரைக் குறைக்க வேண்டும். காயவிட்டால்தான் அது பூக்கும். செம்பூர்ப் பக்கத்து அன்பர்கள் வாரம் ஒருமுறை இலைகளை நீரால் கழுவி விடுவது நலம். மழை நின்றதும் இந்நகரக் காற்றில் தூசி ஏறுகின்றது. புதுக் கட்டடங்களின் சிமெண்டுப் பொடி இலைமேல் படிந்தால் இலைக்கு ஒளி எட்டாது. வாயில் தோரணத்துச் செண்டுமல்லியையும் எறிய வேண்டாம். நன்கு உலர்ந்த பூவைப் பிரித்துக் கறுத்த விதைகளைத் தூவினால், எல்லாம் முளைக்காவிடினும், சில முளைத்துத் தைப்பொங்கலை ஒட்டிப் பூக்கும்.

செவ்வந்தியைப் பற்றி மட்டும் சற்று விரித்துரைக்க வேண்டும். மராத்தியிலும் அதற்கு 'சேவந்தி' என்றே பெயர். கேட்டு வாங்குவதில் தொல்லையில்லை. செம்பூர் அன்பர் ஒருவர், ஒரே நாளில் வாங்கிய இரண்டு தொட்டிகளில் ஒன்று மொட்டு நிறைந்தும் மற்றொன்று வெறும் இலையாயும் நிற்பதேன் என்று கேட்டிருந்தார். நேரில் சென்று பார்த்தோம். பூக்காத தொட்டி, தாழ்வாரத்தில் இரவு முழுதும் எரியும் குழல்விளக்கின் நேர்கீழே இருந்தது! அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த கார்னர், அல்லார்ட் என்னும் இருவர் 1920ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி இதனை விளக்குகின்றது. ஒருவகைப் புகையிலை கோடையில் பூக்காமல் ஓங்கி ஓங்கி வளர்வதைக் கண்டு, நாள்தோறும் சில மணி நேரம் அதனை இருட்டறையில் வைத்துப் பகலைச் சுருக்கிப் பார்த்தனர். அது பூத்து விட்டது. செவ்வந்தியும் அவ்வினமே. இரவு நீண்டால்தான் அதற்கு மொட்டு. மும்பையில் ஜூனில் 13 மணிக்கு மேலிருக்கும் பகல் டிசம்பரில் 11 மணியாகக் குறைகின்றது. அக்குறைவைக் கணக்கிட்டே செடி நாள் பார்க்கின்றது. நடுவில் நாம் விளக்கேற்றி அதன் கணக்கைக் கெடுத்து விடுகிறோம். அலுவலகத்தில் வண்டிகளின் கால அட்டவணையோடு நாள் முழுதும் மல்லுக்கு நிற்கும் நமக்கு இதில் வியப்பொன்றும் தோன்றவில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்க்கும் விளங்கும் செய்தி இது. அன்பர் தொட்டியை இருட்டு மூலைக்கு மாற்றினார். பகலில் வெயிலுக்கு எடுத்து வைக்கும் வேலை அவர் மனைவியாருக்கு வந்து சேர்ந்தது. அதற்காக அவ்வம்மையார் நம்மை இன்னும் மன்னிக்கவில்லை.

இனி, சொல்வதாகக் கூறிய செய்தி.

நம் அன்னையார் 30 ஆண்டுகளுக்கு முன் நெல்லைச் சீமையிலிருந்து நாகர்கோவில் வண்டியில் வந்தபோது, ஈரச்சாக்கில் சுற்றிய ஒரு குண்டுமல்லிப் பதியனை மடியில் வைத்துக் கொண்டு வந்தார். இவ்வூரார் 'மோக்ரா' என்பர்; அன்னையார் எந்நாளும் அப்பெயரைச் சொன்னதில்லை. தந்தையார் மறைந்து, அவர் பார்த்த ரயில்வேயிலேயே நமக்கு வேலை கிடைத்து, இரண்டு குடியிருப்புகள் மாறியும் அக்கொடி உடன் வந்தது. அதனடியில், தாழ்வாரம் நனையாதிருக்க, நாமே ஒரு தட்டு வாங்கி வைத்தோம். மழைக்காலத்தில் அத்தட்டில் நீர் நின்றதை நாள்தோறும் கண்டோம். செடிக்குக் குளிர்ச்சி என்றே நினைத்தோம்.

சென்ற ஆண்டு சரஸ்வதி பூசை வாரத்தில் நம் இளைய மகளுக்குக் காய்ச்சல் கண்டது. முதல் இரண்டு நாள் சாதாரணக் காய்ச்சல் என்றிருந்தோம். மூன்றாம் நாள் இரத்தம் பார்த்ததில் டெங்கு என்றார்கள். நான்கு நாள் மருத்துவமனையில் தட்டணுக்களின் எண்ணிக்கையைக் காலையும் மாலையும் கேட்டுக் கொண்டு அமர்ந்திருந்தோம். குழந்தை பிழைத்து வீடு வந்த மறுநாள், மாநகராட்சிப் பணியாளர் ஒருவர் கைவிளக்குடன் நம் குடியிருப்பைச் சோதிக்க வந்தார். தண்ணீர்ப் பீப்பாய்களைப் பார்த்தார், மூடியிருந்தன. மல்லிகைத் தொட்டியைச் சாய்த்துத் தட்டின்மேல் விளக்கைப் பிடித்தார். நீரில் நெளிந்து கொண்டிருந்தவற்றை நம் மனைவியும் பார்த்தாள், அன்னையாரும் பார்த்தார். பணியாளர் கடிந்து ஒரு சொல் கூறவில்லை. தட்டைக் கவிழ்த்து, தேய்த்துக் கழுவும்படி சொல்லிவிட்டு அடுத்த வீட்டிற்குப் போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் நமக்கு எளிதாயிருந்திருக்கும்.

அத்தட்டில் பிறந்த கொசுதான் கடித்தது என்று உறுதி கூற எவராலும் இயலாது. எனினும் அன்று மாலைக்குள் நம் மனைவி ஆறு தொட்டிகளை வெளியேற்றி விட்டாள். ஏழாவதில் கை வைத்தபோது அன்னையார் குறுக்கே வந்து நின்றார். "மடியில் வைத்துக் கொண்டுவந்த கொடி இது. தட்டு வைத்தவன் உன் புருஷன். கொடி என்ன செய்யும்?" என்றார். "அத்தை, உங்களுக்குக் கொடி வேண்டுமா, பேத்தி வேண்டுமா?" என்றாள் மனைவி. இருவர் சொன்னதிலும் நமக்குப் பதிலில்லை. மூன்று நாள் அவ்வீட்டில் அடுக்களைப் பாத்திரங்கள் மட்டுமே பேசின.

அந்த மூன்று நாளில் நாம் அறிந்து கொண்டவற்றை அன்பர்கள் கருத்தூன்றிப் படிக்க வேண்டுகிறோம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையை விட வீட்டுக்குள் தேங்கும் தெளிந்த நீரையே நாடும், பகலில் கடிக்கும். முட்டையிலிருந்து கொசுவாய்ப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். தட்டின் நீரைக் கொட்டிவிட்டால் போதாது. முட்டைகள் தட்டின் ஓரத்தில் ஒட்டிக் கொண்டு, நீரின்றியே பல திங்கள் உயிரோடு கிடந்து, மீண்டும் நீர் பட்டவுடன் பொரிக்கும். ஆகையால் வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக் கொண்டு, தட்டை நாரால் அழுந்தத் தேய்த்து, கழுவி, வெயிலில் உலர்த்த வேண்டும். புட்டியில் நீர் வைத்து வளர்க்கும் மணிபிளாண்டுக்கும் இதுவே விதி. மழைக்காலம் முடிந்தது என்று நாம் கண்ணயரும் இந்தப் புரட்டாசி, ஐப்பசியில்தான் காய்ச்சல் மிகுதி. தட்டே இல்லாமல் இருப்பது எல்லாவற்றினும் நன்று.

நாமும் முதலில் தட்டை எறிந்துவிட்டுத் தொட்டியை இரண்டு செங்கல்மேல் ஏற்றினோம். நீர் சொட்டிக் கீழ்த்தளத்தார் காயப்போட்ட வேட்டியில் செம்மண் கோலமிட்டது. அவர் மேலேறி வந்து பேசிய பேச்சை இங்கே எழுத இயலாது. பிறகு ஒரு தோழர் சொன்னபடி, அகன்ற தட்டில் விளிம்புவரை மணலைக் கொட்டி அதன்மேல் தொட்டியை வைத்தோம். வடியும் நீரை மணல் குடித்துக் கொள்கின்றது. மேலே நீர் நிற்பதில்லை. மனைவி வந்து மணலில் விரலை வைத்துப் பார்த்தாள். பதில் கூறாமல் உள்ளே போனாள். அன்று இரவு அன்னையாருக்குச் சாப்பாடு பரிமாறியவள் அவளே.

கார்த்திகை நடுவில், நவம்பர் கடைசி வாரத்தில், கொடியை வெட்டினோம். குண்டுமல்லி பனிக்காலத்தில் ஓய்வு கொள்ளும் இனம். ஒரு வாரம் நீரைக் குறைத்து, தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மேலே உள்ளவற்றை நறுக்கி, எஞ்சிய இலைகளையும் உருவி, எருவிட்டால் மாசி, பங்குனியில் புதுக் கிளை தோறும் மொட்டுக் கட்டும். தாயார்க்கு வெட்டுவதற்கு மனம் வரவில்லை. முகத்தைத் திருப்பிக் கொண்டு அமர்ந்திருந்தார். பங்குனியில் முதல் பூ பூத்தது. ஒன்பது மொட்டு. மனைவி அதனைத் தொடுத்துப் பாதியை அன்னையாருக்கு வைத்துவிட்டு, மீதியைக் குழந்தையின் சடையில் செருகினாள்.

இவ்வாண்டு வெள்ளிக்கிழமைதோறும் தட்டுச் சோதனை நம் இளைய மகளின் பொறுப்பு. பள்ளியிலிருந்து வந்ததும் தந்தையின் கைவிளக்கை எடுத்துக் கொண்டு நம் தாழ்வாரத்தோடு நில்லாமல் அண்டை வீடுகளுக்கும் போய் வருகின்றாள். மேல்தளத்துப் பாட்டி ஒருவர் இவள் வரும் ஓசை கேட்டதும் தம் துளசித் தொட்டித் தட்டை அவசரமாய்க் கவிழ்ப்பதாகக் கேள்வி.

கொடி இப்போது தாழ்வாரத்துக் கம்பிவரை ஏறியிருக்கின்றது. வரும் நவம்பர் கடைசி ஞாயிறன்று வெட்ட எண்ணியிருக்கிறோம். பென்சில் கனமுள்ள கிளைகளைச் சாண் நீளமாய் நறுக்கி ஈரச்சாக்கில் சுற்றிச் சங்கப் படிப்பகத்தில் அன்று மாலை வைத்திருப்போம். வேண்டுவோர் ஆளுக்கு இரண்டு எடுத்துச் செல்லலாம். தட்டு வேண்டுமென்று கேட்காதீர்.